குழந்தைகள் பக்கம் நிற்பதாகச் சொன்ன சேனல்: நிக்கலோடியன் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்குச் சென்ற இதழில் நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்தச் சேனலின் படப்பிடிப்புத் தளங்களில் சிறுவர் நடிகர்களுக்கு நேர்ந்தவற்றைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது நியாயமில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்பதால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அந்த ஒரு சேனலுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நிக்கலோடியன் என்ற பெயருக்கு என்ன பொருள்? அதைத் தொடங்கியவர்கள் யார்?

பதில்: அமெரிக்காவில் 5 சென்ட் நாணயத்தை நிக்கல் என்பார்கள். 1905ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய சிறு சினிமாக் கொட்டகைகளில் அந்த ஒரு நாணயத்தைக் கொடுத்தால் உள்ளே போய்ப் படம் பார்க்கலாம். அந்தக் கொட்டகைகளுக்கு வழங்கிய பெயர்தான் நிக்கலோடியன். சாமானியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நுழையக்கூடிய அரங்கு என்ற நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சேனலின் வேர் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கிறது. வார்னர் நிறுவனம் 1977 டிசம்பர் 1 அன்று அங்கே கியூப் என்ற கேபிள் சேவையைத் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தி நிகழ்ச்சிக்குப் பதில் சொல்லும் வசதி அதில் இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் புதுமை. அதன் அலைவரிசைகளுள் ஒன்று சிறு குழந்தைகளுக்கான பின்வீல். காற்றாடி என்று பொருள்படும் அந்த அலைவரிசையை உருவாக்கியவர் விவியன் ஹார்னர் என்ற கல்வியாளர். அதுவே 1979 ஏப்ரல் 1 அன்று நிக்கலோடியன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

தொடக்க ஆண்டுகளில் அதில் விளம்பரமே கிடையாது. அது குழந்தைகள் மேல் கொண்ட அக்கறையால் மட்டும் எடுத்த முடிவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது அமெரிக்க நகரங்களில் கேபிள் இணைப்பு கொடுப்பதற்கு நகர நிர்வாகத்திடம் உரிமம் பெற வேண்டியிருந்தது. போட்டி நிறுவனங்கள் பல வரிசையில் நின்றன. விளம்பரம் இல்லாத ஒரு குழந்தைகள் சேனலைத் தருகிறோம் என்று சொல்லக்கூடிய நிறுவனத்துக்கு நகர மன்றத்தில் நல்ல பெயர் கிடைத்தது. குழந்தைகளின் நலனும் நிறுவனத்தின் ஆதாயமும் ஒன்றாகக் கைகோத்து நடந்த அந்தச் சில ஆண்டுகள்தான், இந்தச் சேனலின் வரலாற்றில் சச்சரவு குறைந்த காலம்.

கேள்வி: பிறகு விளம்பரம் எப்படி வந்தது? ஆரஞ்சு நிறச் சின்னம் எப்போது வந்தது?

பதில்: நல்ல பெயர் கிடைத்ததே தவிர வருமானம் இல்லை. 1980களின் நடுப்பகுதிக்குள் விளம்பரங்கள் நுழைந்துவிட்டன. 1984இல் பொறுப்பேற்ற ஜெரல்டின் லேபோர்ன், பிள்ளைகள் இந்தச் சேனலைக் கசப்பு மருந்துபோல நினைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டவர். எம்டிவி என்ற இசைச் சேனலுக்கு அடையாளம் அமைத்துக் கொடுத்த பிரெட் சைபர்ட், ஆலன் குட்மன் இருவரையும் அழைத்தார். தெறித்து விழுந்த சாயம்போன்ற ஆரஞ்சு நிறத் திட்டும் அதன்மேல் வெள்ளை எழுத்துகளும் அப்போது வந்தவை. நிறமும் எழுத்தும் மாறக் கூடாது, வடிவம் மட்டும் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்பதே அந்தச் சின்னத்தின் விதி. எலும்பாகவும் மீனாகவும் பலூனாகவும் அது மாறிக்கொண்டே இருந்தது.

சின்னத்தோடு ஒரு கொள்கையும் வந்தது. பெரியவர்களின் உலகத்தில் பிள்ளைகள் படும் பாட்டைப் புரிந்துகொண்டு அவர்கள் பக்கம் நிற்கும் இடம் இது என்பதுதான் அது. 1990இல் குழந்தைகளின் உரிமைப் பிரகடனம் ஒன்றையே இந்தச் சேனல் வெளியிட்டது. அந்த வாக்குறுதியை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் பதில்களைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தலையில் பச்சைக் கூழை ஊற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: கனடாவிலிருந்து. ஒட்டாவா நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் 1979இல் ரோஜர் பிரைஸ் தொடங்கிய சிறுவர் நகைச்சுவை நிகழ்ச்சியை நிக்கலோடியன் வாங்கி ஒளிபரப்பியது. அதில் ஒரு பிள்ளை "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் போதும், மேலிருந்து பச்சைக் கூழ் கொட்டும். 'தண்ணீர்' என்று வாய்தவறிச் சொன்னால் தண்ணீர் கொட்டும். ஜெலட்டின் தூள், ஓட்ஸ், தண்ணீர், பச்சைச் சாயம் என்று கைக்குக் கிடைத்தவற்றைக் கலந்துதான் அந்தக் கூழைச் செய்தார்கள். தலைமுடியில் ஒட்டிக்கொள்ளாமல் கழுவினால் போய்விடுவதற்காகக் குழந்தைகளுக்கான ஷாம்புவையும் பின்னர் சேர்த்தார்கள்.

பெரியவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளையின் தவிப்பை அந்தப் பச்சைக் கூழ் நகைச்சுவையாக்கியது; பார்க்கும் பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போனதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். பின்னாளில் விருது விழாக்களில் புகழ்பெற்ற நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் அந்தக் கூழில் நனைவதைப் பெருமையாகக் கருதினார்கள். ஆனால் பிள்ளைகளை அசிங்கப்படுத்துவதே வேடிக்கை என்ற பழக்கம் இன்னொரு பக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: நிக்கலோடியன் கார்ட்டூன்கள் மற்றவற்றைவிடச் சிறந்தவை என்று கொண்டாடுகிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை. அதை உணர அந்தக் காலத்துச் சூழலை அறிய வேண்டும். 1984இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் பொம்மை நிறுவனங்கள் முதலில் பொம்மையை வடிவமைத்துவிட்டு, அதை விற்பதற்காகவே கார்ட்டூன் தொடர்களை எடுக்கும் வழக்கம் பெருகியது. 1968 முதல் குழந்தைகள் தொலைக்காட்சிக்காகப் போராடிவந்த பெக்கி சாரன் போன்றவர்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

அந்த வேளையில் லேபோர்ன் வேறு வழியில் போனார். பொம்மைக் கடையிலிருந்து கதையை எடுக்காமல், ஓவியக் கலைஞர்களிடம் அவர்களுடைய சொந்தக் கதாபாத்திரங்களைக் கேட்டு வாங்கினார். 1991 ஆகஸ்ட் 11 அன்று டக், ரக்ரட்ஸ், ரென் அண்டு ஸ்டிம்பி ஆகிய மூன்று தொடர்களும் ஒரே நாளில் தொடங்கின. தவழும் குழந்தையின் கண்ணுயரத்திலிருந்து பார்த்தால் மேசைக்கடியில் எப்படிப்பட்ட உலகம் தெரியும் என்பதை ரக்ரட்ஸ் காட்டியது. 1998இல் வந்த அதன் திரைப்படம் அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. டிஸ்னி அல்லாத ஓர் அனிமேஷன் படம் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல்முறை.

அதே நாளில் தொடங்கிய ரென் அண்டு ஸ்டிம்பி இன்னொரு பாடத்தைக் கற்றுத்தந்தது. அதைப் படைத்த ஜான் கிரிக்ஃபலுசிக்கும் சேனலுக்கும் இடையே வன்முறைக் காட்சிகள், தாமதம், செலவு ஆகியவற்றால் ஓயாத தகராறு நடந்தது. 1992இல் அவரை நீக்கிவிட்டுச் சேனலே தொடரை நடத்திக்கொண்டது. படைப்பாளியை மதிக்கிறோம் என்று சொன்னாலும் கதாபாத்திரங்களின் உரிமை நிறுவனத்தின் கையில்தான் இருந்தது.

கேள்வி: விளம்பர விதிகளை மீறியதற்காக இந்தச் சேனல் அபராதம் கட்டியதாமே?

பதில்: ஆம். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டத்தை இயற்றியது. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வார இறுதி நாள்களில் மணிக்குப் பத்தரை நிமிடமும், மற்ற நாள்களில் 12 நிமிடமும் மட்டுமே விளம்பரம் வரலாம் என்று அது வரையறுத்தது. இதைவிட முக்கியமான இன்னொரு விதியும் உண்டு. ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கதாபாத்திரத்தின் பெயரில் விற்கும் பொருளுக்கு இடையில் விளம்பரம் போட்டால், அந்த நிகழ்ச்சி முழுவதுமே விளம்பரமாகக் கணக்கிடப்படும். சிறு குழந்தைக்குக் கதை எங்கே முடிந்து விற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியத் தெரியாது என்பதுதான் அந்த விதியின் அடிப்படை.

2004இல் நிக்கலோடியனின் உரிமையாளரான வயாகாம், இந்த வரம்புகளை ஏறத்தாழ 600 முறை மீறியது தொடர்பாக ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டு 10 லட்சம் டாலர் கட்டியது. அதே ஆண்டில்தான், பிள்ளைகள் வெளியே போய் விளையாட வேண்டும் என்பதற்காக ஒரு நாளைக் குறித்து, நண்பகலிலிருந்து மூன்று மணிநேரம் ஒளிபரப்பையே நிறுத்திவைக்கும் வழக்கத்தையும் இந்தச் சேனல் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே நிறுவனம் செய்தவை. அந்த மூன்று மணிநேர நிறுத்தத்தை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அதே சமயம், அதைக் காட்டி அந்த 600 மீறல்களை மறந்துவிடவும் முடியாது.

கேள்வி: ஸ்பாஞ்ச்பாப் பார்த்தால் குழந்தைகளின் கவனம் கெடும் என்று ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்களாமே? என் மகளுக்கு 4 வயது.

பதில்: வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்சலின் லில்லார்ட், ஜெனிபர் பீட்டர்சன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை, கடற்பஞ்சு ஒன்றை நாயகனாகக் கொண்ட ஸ்பாஞ்ச்பாப் என்ற நிக்கலோடியன் கார்ட்டூன் தொடரையும், இன்னொன்றை நிதானமாக நகரும் வேறொரு கார்ட்டூனையும் 9 நிமிடம் பார்க்கவைத்தார்கள். மூன்றாவது குழு அந்த நேரத்தில் படம் வரைந்தது. ஸ்பாஞ்ச்பாப்பில் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி முழுவதுமாக மாறியது, மற்றக் கார்ட்டூனில் 34 நொடிக்கு ஒருமுறை. உடனே வைத்த சோதனைகளில் ஸ்பாஞ்ச்பாப் பார்த்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். தங்கள் தொடர் 6 முதல் 11 வயதினருக்கானது என்று சேனல் பதில் சொன்னது.

அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 4 வயதுப் பிள்ளையைப் படிக்கவோ தூங்கவோ சொல்வதற்குச் சற்று முன்பு அதைப் போட்டுவிடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: இந்தச் சேனல் பிள்ளைகளுக்கு உருப்படியாக எதையும் செய்ததில்லையா?

பதில்: செய்திருக்கிறது. லிண்டா எல்லர்பி என்ற செய்தியாளர் நிக் நியூஸ் என்ற செய்தி நிகழ்ச்சியைச் சிறுவர்களுக்காக 1990களின் தொடக்கத்திலிருந்து 2015 வரை நடத்தினார். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தமக்கு எச்ஐவி தொற்று இருப்பதை 1991 நவம்பரில் அறிவித்தார்; சில மாதங்களிலேயே எல்லர்பி அவரைப் பிள்ளைகள் நடுவே உட்கார வைத்துப் பேச வைத்தார். அங்கே இருந்த ஹைடியா பிராட்பென்ட் என்ற 7 வயதுச் சிறுமிக்குப் பிறந்தது முதலே அந்தத் தொற்று இருந்தது. தாங்களும் மற்றவர்களைப் போன்ற மனிதர்கள்தாம் என்பதை எல்லோரும் அறிய வேண்டும் என்று சொல்ல வந்தவள், சொல்லி முடிப்பதற்குள் முகம் சுருங்கி அழத் தொடங்கினாள். ஜான்சன் அவளைத் தேற்றினார். பெரியவர்களே வாயைத் திறக்க அஞ்சிய காலத்தில் குழந்தைகள் சேனலில் ஒளிபரப்பான காட்சி அது. ஒருபாலினப் பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி 2002இல் எல்லர்பி எடுத்த நிகழ்ச்சிக்கு, ஒளிபரப்பாவதற்கு முன்பே ஏராளமான எதிர்ப்பு வந்தது. சேனல் பின்வாங்காமல் ஒளிபரப்பியது.

கேள்வி: சிறுவர் நடிகர்கள் விவகாரத்தில் உண்மையில் நடந்தது என்ன? நீதிமன்றத்தில் நிரூபணமானது எது, குற்றச்சாட்டு மட்டும் எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் விதமே சரியானது, அப்படித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நிரூபணமானவை. 2000களின் தொடக்கத்தில் நிக்கலோடியன் தொடர்களில் வேலை செய்த இருவர், சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 2003இல் கைதாகி 2004இல் தண்டனை பெற்றார்கள். ஒருவர் தயாரிப்பு உதவியாளர். அவருக்கு 6 ஆண்டுச் சிறை. இன்னொருவர் பிள்ளைகளுக்கு வசனப் பயிற்சி கொடுத்தவர். அவருக்கு 16 மாதச் சிறை. இரண்டாம் வழக்கில் பாதிக்கப்பட்ட சிறுவன் யார் என்பது இருபது ஆண்டுகளாக வெளியே தெரியாமல் இருந்தது. 2024 மார்ச்சில் வெளியான குவயட் ஆன் செட் என்ற ஆவணத் தொடரில், அது தாம்தான் என்று நடிகர் டிரேக் பெல் முதல்முறையாகச் சொன்னார். அந்தப் பயிற்சியாளர் மகனிடம் பழகும் விதம் சரியில்லை என்று தாம் தளத்தில் எச்சரித்ததையும், அதை யாரும் பொருட்படுத்தாததையும் பெல்லின் தந்தை அதில் விவரித்தார்.

அந்தத் தொடரைப் பார்த்தபோது என்னை மிகவும் வருத்திய இடம் ஒன்று உண்டு. தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில் நீதிமன்றத்தில் குற்றவாளியின் பக்கம் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெல்லின் பக்கத்தில் அவரும் அவருடைய தாயும் சகோதரரும் மட்டும்தான். குற்றவாளியின் நற்குணத்தைப் பாராட்டித் திரைத்துறையினர் நீதிபதிக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். சிறையிலிருந்து வெளிவந்த அவருக்கு, இன்னொரு நிறுவனத்தின் குழந்தைகள் தொடரிலேயே பின்னணிக் குரல் கொடுக்கும் வேலையும் கிடைத்தது.

இனி, குற்றச்சாட்டுகள். டிரேக் அண்டு ஜோஷ், ஐகார்லி உள்ளிட்ட வெற்றித் தொடர்களை உருவாக்கிய டான் ஷ்னைடரின் தளங்களில் அச்சமூட்டும் சூழல் இருந்ததாகவும், பெண் ஊழியர்களிடம் தோளைப் பிடித்துவிடச் சொன்னதாகவும், எழுத்தாளர்களாகச் சேர்ந்த இரு பெண்களுக்கு ஒரு சம்பளத்தையே பகிர்ந்து கொடுத்ததாகவும் அங்கே வேலை செய்தவர்கள் கூறினார்கள். சாகசம் என்ற பெயரில் உடல் முழுவதும் நிலக்கடலை வெண்ணெய் பூசி நாய்களை நக்கவிட்டதைத் தம்மால் மறக்க முடியவில்லை என்று ஒரு முன்னாள் சிறுவர் நடிகர் சொன்னார். பச்சைக் கூழைப் பற்றி மேலே எழுதியபோது நான் மனத்தில் வைத்திருந்தது இதைத்தான். பிள்ளைகள் சிரித்தபடி கூழில் நனைவதற்கும், மறுத்தால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பிள்ளை எதற்கும் உடன்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு கேமராவில் தெரியாது.

ஐகார்லியில் நடித்த ஜெனெட் மெக்கர்டி, அங்கே நேர்ந்தவற்றை வெளியில் பேசாமல் இருப்பதற்கு 3 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்றும், தாம் அதை மறுத்துவிட்டதாகவும் 2022இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஷ்னைடரும் சேனலும் 2018இல் பிரிந்தார்கள். அதையொட்டி நிறுவனம் நடத்திய விசாரணையில் பாலியல் தவறு எதுவும் தெரியவரவில்லை என்றும், ஊழியர்களிடம் கடுஞ்சொல் பேசியது தெரியவந்தது என்றும் நியூயார்க் டைம்ஸ் 2021இல் எழுதியது. ஆவணத் தொடர் வெளியான அதே வாரம் ஷ்னைடர் தம் நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டு ஒரு காணொளி வெளியிட்டார். பின்னர், தம்மையும் பாலியல் குற்றவாளிகளோடு சேர்த்துக் காட்டிவிட்டதாகத் தயாரிப்பாளர்கள்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்.

கேள்வி: அத்தனை சட்டங்கள் உள்ள நாட்டில் பிள்ளைகளைக் காக்க ஒரு சட்டமும் இல்லாமல் போயிற்றா?

பதில்: சட்டம் இருந்தது. சாப்ளினோடு ஊமைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்தபிறகு தம் சம்பாத்தியம் முழுவதும் செலவழிந்துபோயிருந்ததைக் கண்டு 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட்டார். மறு ஆண்டே கலிபோர்னியா அவர் பெயரால் சட்டம் இயற்றியது. இன்றைய நிலவரப்படி சிறுவர் நடிகரின் வருமானத்தில் 15 சதவீதம் அவருக்கென்று தனிக் கணக்கில் போடப்பட வேண்டும். 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளை பள்ளி நாளில் 5 மணிநேரம்தான் நடிக்கலாம். 3 மணிநேரம் படிக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ பார்வை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த ஸ்டுடியோ ஆசிரியர் ஒருவர் தளத்தில் இருப்பார். பாடம் நடத்துவதோடு பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் ஆகியவற்றைக் கவனிப்பதும் அவர் கடமை. தவறு என்று கண்டால் அந்தப் பிள்ளையைக் காட்சியிலிருந்து விலக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

பணத்துக்கும் நேரத்துக்கும் கணக்கு வைத்த அந்தச் சட்டம், பயிற்சி கொடுக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து போகிறவர்களைப் பற்றி நெடுங்காலம் யோசிக்கவில்லை. சிறுவர் நடிகர்களுக்குப் பயிற்சியும் மேலாண்மையும் செய்து பணம் பெறுகிறவர்களின் பின்னணியைச் சோதித்து அனுமதி தரும் சட்டம் கலிபோர்னியாவில் 2012இல்தான் நிறைவேறியது. எச்சரித்த தந்தையை ஒதுக்கிவைத்தால் எவ்வளவு நல்ல விதியும் செத்த விதிதான். பிள்ளைகள் பக்கம் நிற்கிறோம் என்று திரையில் சொல்லிக்கொண்டிருந்த நிறுவனத்தில், தளத்திலிருந்த பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டிய பெற்றோரைத் தொல்லையாக நினைத்தார்கள் என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னால் மன்னிக்க முடியாதது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பழைய தொடர்களை என் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, கூடாதா?

பதில்: கார்ட்டூன்களைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை. ஸ்பாஞ்ச்பாப்பைப் படைத்த ஸ்டீபன் ஹில்லன்பர்க், கடல் உயிரியலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். பாறைக்குழித் தண்ணீரில் வாழும் உயிர்களைப் பற்றி அவர்களுக்காகப் படக்கதை வரைந்ததிலிருந்துதான் அந்தக் கடற்பஞ்சு பிறந்தது. பிள்ளைகள் நடித்த தொடர்களை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், நடிப்பது அந்தப் பிள்ளைகளுக்கு வேலை, வேலையில் பிடிக்காததைச் செய்யச் சொன்னால் யாரிடம் சொல்ல முடியும் என்பதையெல்லாம் பேசலாம். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது உடனே அணைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் பின்னால், சிறிய எழுத்தில், ஸ்டுடியோ ஆசிரியர் என்று ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும். அதைப் பிள்ளைக்குக் காட்டி, அவர் அங்கே எதற்காக இருந்தார் என்று சொல்லுங்கள்.